பிள்ளை, என்ன வேலைக்குப் படிக்கப்போறாய்?

யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையில் வந்து இருக்கும் எந்த உறவினரும் தேத்தண்ணி வருமுன்னே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. “பிள்ளை, என்ன வேலைக்குப் படிக்கப்போறாய்?” டொக்டர், எஞ்சினியர், கணக்காளர், ரீச்சர் என்று பிள்ளை ஏதாவது சொல்லும். சொன்னது நடக்கிறதோ இல்லையோ, கேட்டதே பெரிய காரியம். இந்தப் பிள்ளைக்கு ஒரு நாளை இருக்கிறது என்று ஊர் ஒப்புக்கொள்கிறது.

அதே விறாந்தையில் கண் தெரியாத பிள்ளையோ, காது கேளாத பிள்ளையோ, கால் வழங்காத பிள்ளையோ இருந்தால் அந்தக் கேள்வி அதனிடம் போகாது. தாயிடம் வேறொரு கேள்வி போகும். “இவன் தன்ரபாட்டில சாப்பிடுவானோ? உங்களுக்குப் பிறகு ஆர் பாக்கிறது?”

எழுபது ஆண்டுகளில் குடாநாடு எவ்வளவோ மாறிவிட்டது. வலுவிழந்த ஒரு பிள்ளை பல்கலைக்கழக வாசல்வரை போகும் வழியும் மாறிவிட்டது. மாறாதது அந்த விறாந்தைக் கேள்வி. அது மாறாதவரைக்கும் மற்ற மாற்றங்கள் பாதி வழியிலேயே நிற்கும்.

இரத்மலானையும் கைதடியும்

இலங்கையில் செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான முதற் பள்ளிக்கூடத்தை 1912 இல் மேரி சாப்மன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கினார். கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் நிலைகொண்ட அந்தப் பள்ளிக்கூடமே குடாநாட்டுப் பிள்ளைக்கும் கதி. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். கண் தெரியாத ஆறு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு எந்தத் தாய் நித்திரை கொள்வாள்? பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கூடமே காணாமல் வளர்ந்தார்கள். அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தவர்களின் கண்ணில் படாமல் அவர்களை அறைக்குள் இருத்திய வீடுகளும் இருந்தன. அந்தக் காலத்தை நாம் மறைக்கத் தேவையில்லை.

1956 இல் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று கைதடியில் நுஃபீல்ட் பாடசாலை தொடங்கியது. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டும் அதுதான். கொழும்புக்கு யாழ்தேவி ஓடத் தொடங்கிய ஆண்டும் அதுதான். நாட்டை மொழி பிரித்த அந்த ஆண்டில், ஊருக்குப் பக்கத்தில், தன் மொழியில் படிக்க வலுவிழந்த பிள்ளைக்கு ஓர் இடம் கிடைத்தது. பிரெய்ல் எழுத்தும் சைகை மொழியும் குடாநாட்டுக்குள்ளேயே படிக்கலாம் என்றாகியது.

எதற்காகப் படிப்பது என்பதில் மட்டும் அன்றைய மனக்கணக்கு குறுகியது. கண் தெரியாதவருக்குப் பிரம்பு பின்னுதல், பாய் இழைத்தல், தும்பு வேலை. காது கேளாதவருக்குத் தச்சும் தையலும். அக்காலத்தில் உலகம் முழுக்க இதுவே வழக்கம். அந்தக் கைத்தொழில்களைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பிறர் கையை எதிர்பாராமல் உண்ட சோறு அது. ஆனால் அதற்கு அப்பால் ஒரு கதவு இருக்கலாம் என்று யாரும் தட்டிப்பார்க்கவில்லை.

1974 இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில், யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராதனைக்கும் கொழும்புக்கும் போய் விடுதியில் தனியே இருக்க முடியாத மாணவருக்கு இதன் பெறுமதி இன்னும் கூட. வீட்டில் சாப்பிட்டு, தம்பியின் சைக்கிள் கரியரில் ஏறி, பல்கலைக்கழகம் போகலாம். 1988 இல் சுன்னாகத்தில் அன்னலட்சுமி சின்னத்தம்பி அம்மையார் தொடங்கிய வாழ்வகம் அடுத்த படியைக் கட்டியது. அங்கே தங்கும் விழிப்புலனற்ற பிள்ளைகள் அயலிலுள்ள சாதாரணப் பாடசாலைகளுக்குப் போய், மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். அதே பாடத்திட்டம், அதே க.பொ.த. பரீட்சை. பிரம்புக் கூடையோடு நின்ற வழி பட்டப்படிப்பு நோக்கித் திரும்பியது இந்த இரண்டினாலும்தான்.

ஜாம் போத்தல் விளக்கு

அந்த வழி திறந்த வேளையிலேயே போரும் வந்தது. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி என்று எத்தனையோ பொருட்களுக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து, சொட்டு எண்ணெயில் ஒரு தலைமுறையே பரீட்சைக்குப் படித்தது.

கண் தெரியாத மாணவனுக்கு விளக்கு எதற்கு என்று யாரும் கேட்கலாம். விளக்கு அவனுக்கில்லை, அவனுக்கு வாசித்துக் காட்டும் தங்கைக்கு. பாடநூல் பிரெய்லில் இல்லை. ரேப் றெக்கோடரில் பதிந்து கேட்கலாம் என்றால் பற்றரி இல்லை. ஆகவே யாராவது உரக்க வாசிக்கவேண்டும். அவன் தடித்த தாளில், பிரெய்ல் பலகையில், வலமிருந்து இடமாக ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி எழுதிக்கொள்ளவேண்டும். தாளைத் திருப்பிப் போட்டால்தான் இடமிருந்து வலமாகத் தடவி வாசிக்கலாம். அச்சில் ஒரு புத்தகமாக இருப்பது பிரெய்லில் பல தொகுதிகளாகும். தங்கைக்குத் தன் படிப்பும் இருந்தது. எண்ணெய் முடிந்தால் இருவரின் படிப்பும் முடிந்தது.

1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, சனங்கள் எதை விட்டுவிட்டு எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதை நாம் அறிவோம். சக்கர நாற்காலியைச் சேற்றில் உருட்ட முடியாது. பிரெய்ல் தொகுதிகளைத் தலையில் சுமக்க முடியாது. 2000 இல் போர் தென்மராட்சிக்கு வந்தபோது கைதடியே போர்முனையாயிற்று. அந்த ஆண்டுகளில் படித்துப் பட்டம் பெற்ற வலுவிழந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு தங்கையோ, ஒரு தாயோ, ஒரு சிநேகிதனோ இருந்தார்கள். அரசாங்கத்தின் ‘உதவித் திட்டம்’ என்று எதுவும் அன்று அவர்களை எட்டவில்லை. மனிதர்களே திட்டமாக இருந்தார்கள்.

இன்று அந்தத் தங்கையின் வேலையைப் பெரும்பாலும் கைத்தொலைபேசி செய்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் 2006 முதல் உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் உள்ளன. படமாக இருக்கும் பக்கத்தையும் எழுத்தாக மாற்றித் தரும் கருவிகள் வந்துவிட்டன. வாசிக்க நேரமுள்ளவர் எங்கிருந்தாலும் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பலாம்.

இங்கே ஒரு சின்னத் தடை இருக்கிறது. அதை நீக்கச் சதக்காசும் செலவில்லை. நம் ஊரில் விரிவுரைக் குறிப்புகளும் ரியூட்டரித் தாள்களும் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று நாம் அடித்தால், திரையில் அம்மா என்றுதான் தெரியும். கணினிக்கு உள்ளே கிடப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் அந்தக் குறிகளைத்தான் வாசிக்கும். கண் தெரியாத மாணவிக்கு அந்தக் குறிப்பு முழுவதும் இரைச்சல். அதே குறிப்பை யூனிகோட்டில் அடித்துக் கொடுத்தால் அது தமிழாய் ஒலிக்கும். ஒரு விரிவுரையாளர் எழுத்துருவை மாற்றுவது ஒரு மாணவிக்கு ஆண்டு முழுவதும் வாசிப்பாளர் ஒருவரை வைத்துக் கொடுத்ததற்குச் சமம்.

கால் போட்டுக்கொண்டு வகுப்புக்கு

போர், வலுவிழந்தோரின் தொகையையும் வகையையும் மாற்றியது. பிறவியிலேயே பார்வையோ செவிப்புலனோ இல்லாதவர்களோடு, மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் போனவர்கள் ஊர்தோறும் சேர்ந்தார்கள். 1987 இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக்கால் நிலையம் தொடங்கியது. 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் வைத்தியர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய கால் அது. சப்பாத்து இல்லாமல் வெறுங்காலாய் நடக்கலாம், குந்தியிருக்கலாம், வயலில் இறங்கலாம். எங்கள் மண்ணுக்கு ஏற்ற கால். காலோடு நிற்காமல், சுயதொழிலுக்குக் கடன் கொடுப்பதும் அந்த நிலையத்தின் பணியாயிற்று. ‘தொழில் புனர்வாழ்வு’ என்ற சொல் குடாநாட்டில் நடைமுறையாய்த் தெரிந்த இடங்களுள் அதுவும் ஒன்று.

புனர்வாழ்வு என்ற சொல்லைச் சொல்லும்போதே நம்மவருக்கு மனம் சுருங்கும். 2009 க்குப் பிறகு அந்தச் சொல் முன்னாள் போராளிகள் வைக்கப்பட்ட முகாம்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் பழைய பொருளை மீட்கவேண்டும். ஒரு மனிதர் இழந்த வலுவுக்கு ஈடாக வேறு வலுவைத் தேடிக்கொடுத்து, அவர் தன் விருப்பத் தொழிலைச் செய்யும் நிலைக்குக் கொண்டுவருவதே தொழில் புனர்வாழ்வு. அதற்குத் தையல் மெஷினும் வேண்டியிருக்கலாம், சட்டப் பட்டமும் வேண்டியிருக்கலாம்.

வீதியும் மாறிவிட்டது. 1990 இல் நின்ற ரயில் 2014 இல் யாழ்ப்பாணம் திரும்பியது. கொழும்புக்குப் போகப் பாஸ் எடுத்து, கப்பலுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. புதிய கட்டடங்களின் வாசலில் சாய்தளம் தெரிகிறது. 2006 ஆம் ஆண்டின் அணுகு வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கின. ஆனால் சாய்தளம் வாசலோடு முடிந்து, வகுப்பு மேல்மாடியில் நடந்தால் பயன் என்ன? சக்கர நாற்காலி ஏற்றும் பஸ்ஸை நம் வீதிகளில் காண்பது அரிது. ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசில் மாதப் படி கரைந்துவிடுகிறது.

காசும் கடிதமும்

அன்று பணம் எங்கிருந்து வந்தது? கோயிலிலிருந்து, தேவாலயத்திலிருந்து, கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் மாமாவிடமிருந்து. கொடுத்தவரின் மனம் மாறினால் படிப்பும் நின்றது. கொடையில் அன்பு இருக்கும், உறுதி இராது.

இன்று உறுதியான சில இருக்கின்றன. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலோ வேலைக்கு எடுப்பதிலோ பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. பரீட்சைத் திணைக்களத்திடம் முன்கூட்டியே விண்ணப்பித்தால் பிரெய்ல் வினாத்தாள், எழுதித் தரும் உதவியாளர், மேலதிக நேரம் என்று தேவைக்கேற்பக் கிடைக்கும். பல்கலைக்கழக அனுமதியில் வலுவிழந்த பரீட்சார்த்திகளுக்கு விசேட ஏற்பாடு உண்டு. வலுவிழந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாயிற்று. அதே ஆண்டில் மகாபொல புலமைப்பரிசில் 5,000 இலிருந்து 7,500 ரூபாவாகவும், பல்கலைக்கழக உதவிப்பணம் 4,000 இலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன.

இவ்வளவும் நல்லவை. இருந்தாலும் ஒரு மாணவி இவற்றைப் பெற எத்தனை கதவு தட்டவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கிராம அலுவலர், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், மருத்துவச் சான்றிதழுக்கு வைத்தியசாலை, பரீட்சை ஒழுங்குக்குத் திணைக்களம், அனுமதிக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, உள்ளே போனபின் பீட அலுவலகம். ஒவ்வொரு மேசையிலும் தன் குறைபாட்டைத் திரும்பத் திரும்ப விளக்கவேண்டும். ஒவ்வொரு மேசையும் “என்ன இயலாது?” என்றே கேட்கிறது. “என்ன செய்ய விருப்பம்?” என்று கேட்கும் மேசை ஒன்றும் அந்த வரிசையில் இல்லை.

பட்டத்துக்குப் பிறகு

1988 இல் வெளிவந்த அரச நிர்வாகச் சுற்றறிக்கை 27/88, தகுதியுள்ள வலுவிழந்தோருக்கு அரச துறை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று வீதம் ஒதுக்கச் சொன்னது. சுற்றறிக்கை சட்டமாகாது. அதைக் கடைப்பிடிக்காத அலுவலகத்துக்குத் தண்டனை இல்லை. நாட்டின் 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானவர்களுக்கு ஏதோ ஒரு வலுவிழப்பு இருக்கிறது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது மூன்று வீதம், அதுவும் சொல்லாய்.

குடாநாட்டில் படிப்பும் பயிற்சியும் இரண்டு தனிப் பாதைகளாய்ப் போகின்றன. கண் தெரியாத பிள்ளை கலைப்பிரிவு என்பது எழுதாத விதி. பட்டம் எடுத்தபின் அரச ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பது அதன் தொடர்ச்சி. மற்றவருக்கு, குறிப்பாகக் காது கேளாதவருக்கு, தொழிற்பயிற்சி நிலையம் என்பது இன்னொரு எழுதாத விதி. சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லாத விரிவுரை மண்டபத்தில் காது கேளாத மாணவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் வாய்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். ஆகவே அவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. கண்ணும் காதும் காலும் ஒருவரின் பாடத்தைத் தீர்மானிக்கின்றன, விருப்பம் தீர்மானிப்பதில்லை.

அமெரிக்காவில் 1973 ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டத்தின் கீழ் இயங்கும் முறை இதைத் தலைகீழாகச் செய்கிறது. வலுவிழந்த இளைஞர் முதலில் ஆலோசகர் ஒருவரோடு இருந்து தான் செய்ய விரும்பும் தொழிலைத் தீர்மானிக்கிறார். அது எழுத்தில் திட்டமாகிறது, இருவரும் கையொப்பமிடுகிறார்கள். அந்தத் தொழிலுக்குப் பட்டம் தேவையென்றால் கல்லூரிக் கட்டணம், புத்தகம், கருவி, பெயர்ப்பாளர் எல்லாவற்றுக்கும் அந்தத் திட்டத்தினூடாக உதவி கேட்கலாம். வேலை கிடைத்து நிலைத்த பின்பே கோப்பு மூடப்படும்.

அந்த நாட்டிலும் இது சும்மா கிடைக்கவில்லை. போலியோவால் கழுத்துக்குக் கீழ் வழங்காமற்போன எட் ரொபேர்ட்ஸ் 1962 இல் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் சேரப் போனபோது, கலிபோர்னியாவின் புனர்வாழ்வுத் திணைக்களம் அவர் ஒருபோதும் வேலை செய்யமாட்டார் என்று கூறி உதவ மறுத்தது. பத்திரிகைகளில் செய்தி வந்த பின்பே இணங்கியது. 1975 இல் அதே திணைக்களத்தின் பணிப்பாளராக அவரே நியமிக்கப்பட்டார். வேலை செய்யமாட்டார் என்று எழுதிய மேசைகளுக்கெல்லாம் அவரே தலைவர்.

இலங்கையும் 2016 இல் வலுவிழந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை உறுதிப்படுத்தியிருக்கிறது. உயர்கல்வி, புனர்வாழ்வு, தொழில் மூன்றும் அந்தச் சமவாயத்தில் இடம்பெறுகின்றன. நம் நடைமுறையில் அவை ஒன்றையொன்று அறியா.

அறியவைக்கலாம். அதற்கான உறுப்புகள் இங்கேயே இருக்கின்றன. கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலையைப் போல் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளைச் சிறுவயதிலேயே அறிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேசிய தொழிற்றகைமை முறை ஏழு மட்டங்களாய்ப் பட்டம்வரை போகிறது. தொழிற்பயிற்சியில் தொடங்கியவர் மேலே ஏறலாம். இசட் புள்ளிப் போட்டியில் தவறியவருக்குக் கொக்குவிலில் திறந்த பல்கலைக்கழக நிலையம் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரே பிள்ளையின் பெயரில் ஒரே கோப்பில் சேர்க்கும் ஒருவர்தான் இல்லை. மாவட்டச் செயலகத்தில் அப்படி ஒரு மேசை, சாதாரணதரம் எழுதும் வயதிலேயே ஒவ்வொரு வலுவிழந்த பிள்ளையையும் அழைத்து, தொழில் இலக்கிலிருந்து படிப்பைத் திட்டமிட்டு, வேலை கிடைக்கும்வரை கூட நடக்கும் ஓர் உத்தியோகத்தர். இதையே நாம் கேட்கவேண்டும். பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு கதிரையும் ஒரு கடமைப்பட்டியலும் போதும்.

அதுவரைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் மருத்துவ அறிக்கைகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பரீட்சை ஒழுங்குகளுக்கு, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு வெகு முன்பே பாடசாலை ஊடாக எழுதுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் வலுவிழப்பை மறைக்காமல் குறிப்பிடுங்கள். அது வெட்கம் தரும் செய்தியல்ல, உரிமைக்கான ஆதாரம். ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: பாமினியை விட்டு யூனிகோட்டுக்கு வாருங்கள்.

மற்ற எல்லோருக்கும் ஒன்று. அடுத்தமுறை ஒரு விறாந்தையில் போய் இருக்கும்போது, வெண்பிரம்போடு மூலையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து, தாயைப் பார்க்காமல், நேரே கேளுங்கள்: “பிள்ளை, என்ன வேலைக்குப் படிக்கப்போறாய்?” கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள்.